ரிஜெக்ட் அண்ணன் பாஸ் போட்ட கப்பல்

திருப்பூரில் இதுவரைக்கும் தைத்த பனியன் அத்தனையையும் அவிநாசி ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரிஜெக்ட் அண்ணனைக் கூட்டி வந்து காட்டினால், அவர் ஒன்றைக்கூட பாஸ் பண்ண மாட்டார். பனியன் வரைக்கும் போகவே மாட்டார். வரிசை கோணலாக இருக்கிறது என்று அடுக்கினவனைத்தான் முதலில் கூப்பிடுவார். திட்ட மாட்டார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, இது பாஸாகாதுங்க" என்பார். அந்த மரியாதைக்குப் பயந்தே எங்கள் கம்பெனியில் பாதி டெய்லர்கள் வேறு கம்பெனி பார்த்துப் போனார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ரிஜெக்ட் அண்ணன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வந்த துணியில் தையல் விட்டது, கறை பட்டது, பிசிறு நீட்டினது எல்லாம் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சரிபண்ணத் திருப்பி அனுப்புகிற வேலை. மற்ற செக்கிங்காரர்கள் ஸ்டிக்கரை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஊருக்குத் தொந்தரவு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் மேனேஜர் கல்யாணத்தில் மேடையேறி வாழ்த்தப் போனவர், மாப்பிள்ளை கையைக் குலுக்காமல் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையில் ஒரு பிசிறு. பையிலிருந்து நூல் கட்டரை எடுத்து டிக்கென்று வெட்டினார். ஆல்பத்தில் அந்தப் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. மாப்பிள்ளை, பொண்ணு, நடுவில் குனிந்திருக்கிற அண்ணனின் வழுக்கை. "மாப்ளைக்குக் கையில என்னங்க, கட்டா?" என்று பொண்ணு வீட்டு ஒறம்பரைகள் இன்னும் விசாரிக்கிறார்களாம்.

இன்னொரு தடவை நானும் அவரும் திருமுருகன்பூண்டி வழியாகப் போனோம். சிற்பப் பட்டறை வாசலில் பாதி செதுக்கின கல் யாளி ஒன்று நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், அதன் இடது கண்ணுக்குக் கீழே ஒரு அம்புக்குறியை ஒட்டிவிட்டார். சிற்பி உளியோடு எழுந்து வந்தார்.

"ஏனுங்க, இன்னும் முடிக்கவே இல்லீங்களே."

"முடிக்கறதுக்கு முன்னாடி சொன்னாத்தானுங்க ஆல்ட்ரேசன் பண்ண முடியும்."

சிற்பி யாளியைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "கண்ணு செரியாத்தான் இருக்குது. நீங்க அக்கட்டால நின்னு பாருங்க" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமாகக் கை காட்டினார். நான் வண்டியை அணைக்காமலே வைத்திருந்தேன். அண்ணனோடு எங்கே போனாலும் நான் வண்டியை அணைக்கிறதில்லை.

நானும் அதே கம்பெனியில் ஆபீஸ் வேலைதான். ஆபீஸ் என்றதும் கம்ப்யூட்டர் என்று நினைக்க வேண்டாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவன் நான். அதிலிருந்து ஏறி ஏறி, ரிசப்ஷனைத் துடைப்பது, வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது, சாம்பிள் ரூம் சாவியை வைத்திருப்பது வரைக்கும் வந்திருக்கிறேன். இதில் சாவிதான் கஷ்டம். பூட்டினேனா இல்லையா என்று தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் திறந்திருக்குமோ என்று மறுபடியும் வருவேன். முதலாளி "ஏப்பா, இங்க வா" என்றால், என் நாற்காலிக்கும் அவர் கதவுக்கும் நடுவில், பிறந்ததிலிருந்து செய்த தப்பெல்லாம் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போனால் ஃபேனைப் போடச் சொல்வார்.

இப்படியே போனால் வயிறு புண்ணாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினார். பயப்படாமல் இருக்க பயமுறுத்துகிற டாக்டர் எனக்கு மட்டும்தான் கிடைப்பார். "கைக்கு ஏதாவது வேலை குடுங்க, மனசு தானா சும்மா இருக்கும்" என்றார். இதை ரிஜெக்ட் அண்ணனிடம் சொன்னேன். ஊரில் அத்தனை பேர் இருக்க அவரிடம் போய்ச் சொன்னேன்.

"என்ற ஊட்டுக்கு வாங்க தம்பி" என்றார்.

அண்ணன் ஊடு அனுப்பர்பாளையத்தில். கீழே பாத்திரத்துக்குப் பாலீஷ் போடுகிற பட்டறை, மேலே இவர். உள்ளே போனால் கண்ணாடி அலமாரியில் குட்டிக் குட்டியாக விமானம், கப்பல், டாங்கி, ஜீப். பெட்டிக்குள் சட்டம் சட்டமாக பிளாஸ்டிக் துண்டுகள் வரும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் அச்சு அசலாக நிஜம் மாதிரியே ஆகிவிடும். சிங்கப்பூரில் இருக்கிற அவர் மச்சான் விளையாட்டாக ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்ததில் பிடித்த கிறுக்கு. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் சிவப்பு அம்புக்குறி. ரெக்கையில், சக்கரத்தில், பைலட்டின் மூக்கில்.

"இதுல முடிஞ்சது எதுங்கண்ணா?"

"முடிஞ்சதுன்னு எதுவும் இல்லீங்க தம்பி. எல்லாம் ஆல்ட்ரேசன்ல இருக்குது."

அவர் சம்சாரம் காபியோடு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். "அந்தப் பெரிய பிளேனு இருக்குதுங்களே, அது வர்றப்ப வெள்ளை. அப்புறம் பச்சையடிச்சாரு. அந்தப் பச்சை ஆகாதுன்னு பிரேக் ஆயில்ல ஊறவெச்சு உரிச்சுப் போட்டு மறுக்கா வெள்ளை. அதுக்கப்புறம் ஊதா. இப்ப மறுபடியும் எண்ணெயில கெடக்குது. நானும் பஜ்ஜி போடற மாதிரி பாத்துட்டே இருக்கறனுங்க, இன்னும் வேகல" என்றார்.

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. படிக்கட்டில் நின்று கீழே பட்டறைக்காரரிடம், "ஏனுங்க, வார்னிஷ் காயுது, சித்த நேரம் தூசி கெளப்பாம இருக்க முடியுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழேயிருந்து, "அப்ப நாங்க சோத்துக்கு உங்க பிளேனைத்தான் திங்கோணும்" என்று பதில் வந்தது.

நானும் ஒரு விமானம் வாங்கினேன். முதல் நாளே, பைலட் உட்காருகிற இடத்துக் கண்ணாடியை இன்ஸ்டன்ட் கம் வைத்து ஒட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மார்கழிப் பனி மாதிரி வெளுத்தது. சூடு பட்டால் சரியாகும் என்று ஊதினேன். இன்னும் வெளுத்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, கம்மோட ஆவி பட்டா கண்ணாடி பூத்துப் போகும், அது எல்லார்த்துக்கும் ஆகறதுதான். ஆனா நீங்க ஊதியும் விட்டிருக்கறீங்க பாருங்க. இதை நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்க."

பல் துலக்குகிற பேஸ்ட்டை பனியன் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்து வந்தது. வீட்டில் நான் இன்னும் தெளியட்டுமே என்று தேய்த்ததில் கண்ணாடி ரெண்டாகப் போனது. அதையும் கொண்டுபோய்க் காட்டினேன். "அருமைங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கட்டை விரல் ரெக்கையோடு ஒட்டிக்கொண்டது. என் சம்சாரம், "ஏனுங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா, இல்லாட்டி அந்த அண்ணன்கிட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சீட்டு வாங்குவது? கையில் விமானத்தோடு வண்டியை எடுத்தேன். காற்று ஏற ஏற அது பறக்கப் பார்த்தது. சிக்னலில் போலீஸ்காரர் என் கையையே பார்த்தார். நான் ரொம்ப நாளாக விமானம் வைத்திருக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணன் கதவைத் திறந்தார். பார்த்தார். முதலில் என் கட்டை விரலில் ஒரு அம்புக்குறி ஒட்டினார்.

"நெயில் பாலீஷ் எடுக்கற தண்ணி இருக்குது, ஊத்திரலாமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அது ஊத்துனா வெரலு வந்துரும். ரெக்கை கரைஞ்சு போயிருமேம்மா" என்றார் அண்ணன். ரெண்டில் எது முக்கியம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. கடைசியில் சோப்புப் போட்ட வெந்நீரில் கையை ஊறவைத்து, தோலும் ரெக்கையும் சேதமில்லாமல் பிரித்து எடுத்தார். ரெக்கையைத்தான் முதலில் துடைத்தார்.

எங்கள் ரிசப்ஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மூன்று கம்பம் நட்ட பாய்மரக் கப்பல், இதே மாதிரி பிளாஸ்டிக்கில் கட்டினது. எங்கள் கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்து ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பெரியவர் தன் கையால் கட்டி முதலாளிக்குக் கொடுத்தது. மூக்கு வாசலைப் பார்த்து நிற்கும். நடுக் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மூக்கில் பெயிண்ட் வழிந்து, ஜலதோஷம் பிடித்த குழந்தை மாதிரி இருக்கும். ரிஜெக்ட் அண்ணன் ரிசப்ஷன் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். முதலாளி பொருளில் அம்புக்குறி ஒட்ட முடியாத வேதனை.

பெரியவர் அடுத்த வாரம் வருகிறார் என்று சொன்னார்கள். சொன்ன அன்றைக்கே ஏ.சி.க்காரர்கள் ரிசப்ஷனில் ஏணி போட்டார்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏணி சாயும், கண்ணாடி உடையும், கப்பல் தூள் தூளாகும், நான் தெருவில் நிற்பேன். யாரும் சொல்லாமல் நானே கப்பலை எடுத்து, ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்து, மேலே பெரிதாக "தொடாதீர்கள்" என்று எழுதி, சாம்பிள் ரூம் மூலையில் வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

எழுதினது தமிழில். பேக்கிங்கில் இருக்கிறவர்கள் ஒடிசாக்காரர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தால் அதன் மேல் இன்னொரு பெட்டியை அடுக்குவதுதான் முறை. அவர்கள் முறைப்படி அடுக்கியிருந்தார்கள். அடுக்கின பெட்டிக்குள் முழுக்க டி-ஷர்ட். ஏணி சாயவே இல்லை. ஏ.சி. ஜில்லென்று ஓடியது.

நடுக் கம்பம் ரெண்டாக ஒடிந்திருந்தது. கயிறெல்லாம் அறுந்து சிக்கு விழுந்த தலை மாதிரி கிடந்தது. வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். பொய்யில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அனுப்பர்பாளையம் போனேன்.

"மொதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்கண்ணா. தெரிஞ்சா வேலை போயிருமுங்க. ஒம்பதாவது படிச்சவனுக்கு மறுபடியும் கைமடிதானுங்க. அதுக்கும் இப்ப சின்னப் பசங்களைத்தான் கேக்கறாங்க."

அண்ணன் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒடிந்த கம்பத்தின் ரெண்டு முனையிலும் ஊசித் துளை போட்டு, உள்ளே தையல் மிஷின் ஊசியை எலும்பு மாதிரி சொருகி ஒட்டினார். சட்டத்தில் மிச்சமான பிளாஸ்டிக்கை கம்மில் கரைத்துக் கூழாக்கி விரிசலை அடைத்தார். அறுந்த கயிறுக்குப் பதிலாக பனியனுக்குப் போடுகிற கறுப்பு லைக்ரா நூலை இழுத்துக் கட்டினார். விரலால் தள்ளினால் விலகி, விட்டதும் நேராக வந்து நிற்கிற நூல். பெயிண்டைக் கலந்து, வெயிலில் பார்த்து, டியூப்லைட்டில் பார்த்து, நிழலில் பார்த்து, அதன்பிறகுதான் தொட்டார். எனக்குக் கொடுத்த வேலை, எதையும் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருப்பது.

கப்பல் திரும்பி வந்தபோது செய்த கம்பெனியே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. பெட்டிக்குள் வைத்துவிட்டு, நல்லதே நடந்த நாளில் எனக்கு எப்போதும் வருகிற கலக்கத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கலக்கம் என்னை ஏமாற்றினதில்லை. பெரியவர் வருவதற்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்தக் கப்பல் பெட்டியை நல்லா தொடச்சு வை. மனுசன் வந்ததும் மொதல்ல அங்கதான் போவாரு. ஒரு பக்கம் கைகாலு வராமப் படுத்துக் கெடந்தாருல்ல, எந்திரிச்சதும் அந்தக் கையாலேயே கட்டுனது. அந்தச் சாஞ்ச கம்பந்தான் மொதல்ல நட்டதாம். கை திரும்பி வந்ததுக்கு அதான் சாட்சின்னு ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் டீயே குடிப்பாரு."

நான் கப்பலைப் பார்த்தேன். நடுக் கம்பம் ஸ்கேல் வைத்து வரைந்த கோடு மாதிரி நின்றது. மூக்கில் ஜலதோஷம் இல்லை. ரிஜெக்ட் அண்ணன் உடைந்ததோடு சேர்த்து, உடையாததையும் சரி பண்ணியிருந்தார்.

செக்கிங் ஹாலுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டி-ஷர்ட்டை மெதுவாக மடித்து வைத்தார்.

"அப்ப அது அப்ரூவ்டு சாம்பிளுங்க தம்பி."

எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. ஆர்டர் கொடுக்கிற பையர் பார்த்து, சரி என்று சீல் வைத்துக் கொடுத்த சாம்பிளில் பாக்கெட் கோணலாக இருந்தால், லட்சம் பீஸும் கோணலாகத்தான் தைக்க வேண்டும். ஒரு தடவை டெய்லர் ஒருத்தர் நல்ல மனசோடு பாக்கெட்டை நேராக வைத்துத் தைத்ததற்கு, மொத்தத்தையும் பிரிக்க வைத்தவர் இதே அண்ணன்தான்.

"கோணலைக் கண்டதும் கை தானா போயிருச்சுங்க. சாம்பிள்னு நெனைக்கலைங்க" என்றார்.

சாயங்காலம் கப்பல் மறுபடியும் அனுப்பர்பாளையம் போனது. கம்பத்தின் அடியை நெகிழ்த்தி, சாய்த்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அண்ணன் சாய்த்துப் பிடித்தார். கம் காய்வதற்குள் அவர் கை அதை நேராக்கிவிட்டது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் நேராக நின்றது.

"கை ஒத்துக்க மாட்டேங்குதுங்க தம்பி. நீங்க பிடிங்க."

நான் பிடித்தேன். பயத்தில் கை ஆடியது. கம்பம் எந்தச் சிரமமும் இல்லாமல் சாய்ந்தது. மூக்குக்குப் பெயிண்டைத் தொட்டேன், வழிந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று, கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரால் முடியாத ஒரு வேலை என்னால் முடிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கம் இறுகுவதற்குள், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில்தான் பேச்சு வந்தது.

"பாக்கறவங்களுக்கு எடது பக்கம்னு ஒரு ஞாபகமுங்கண்ணா."

"எனக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம். ஆனா ஞாபகத்தை வெச்சு செக்கிங் பண்ணக்கூடாதுங்க தம்பி. போட்டோ இருக்குதுங்களா?"

இருந்தது. கப்பலுக்கு முன்னால் நின்று நான் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ. கம்பம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. என் ஞாபகத்தை நானே எப்போதும் நம்பினதில்லை, உடனே விட்டுக்கொடுத்து வலது பக்கமே சாய்த்தேன். அண்ணன் போனைக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்து, இஞ்ச் டேப்பால் அளந்து, எழுந்து நின்றார்.

"பாஸ்" என்றார்.

அடுப்படியில் கிரைண்டர் நின்றது. அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். "ஏனுங்க, உடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று அவர் நெற்றியைத் தொடப் போனார்.

மறுநாள் பெரியவர் வந்தார். முதலாளி, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற கவிதா, டீ ட்ரேயோடு நான். ரிஜெக்ட் அண்ணன் ஒரு பீஸைக் காட்ட வந்தவர் மாதிரி கையில் டி-ஷர்ட்டோடு ஓரமாக நின்றார். பெரியவர் நேராகக் கப்பலிடம் போனார். பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அப்புறம் இன்னொரு பக்கம் சாய்த்தார். இங்கிலீஷில் மெதுவாக என்னமோ சொன்னார்.

கவிதா முதலாளியைப் பார்த்தாள். "சார், கம்பம் இந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சாம். இப்ப அந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுங்கறாரு."

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த போட்டோ செல்ஃபி. என் போன் செல்ஃபி எடுத்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டும். போட்டோவில் பின்னால் கம்பெனி போர்டு இருந்தது, எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருந்திருக்கும். ஆனால் இங்கிலீஷ் எனக்கு நேராக இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

ட்ரேயில் கப்பும் சாசரும் பேச ஆரம்பித்தன. நான் வாயைத் திறப்பதற்குள் ரிஜெக்ட் அண்ணன் முன்னால் வந்தார்.

"பாஸ் போட்டது நானுங்க மொதலாளி. தம்பி சாம்பிளைப் பாத்து செரியாத்தான் பண்ணுச்சு. சாம்பிள் போட்டோ திரும்பி இருந்ததை நான் கவனிக்கலைங்க. எடது பக்கம்னு தம்பி சொல்லவும் சொல்லுச்சு, நாந்தான் கேக்கலைங்க. இது செக்கிங் மிஸ்டேக்கு. தப்பு என்னுதுங்க."

எங்கள் கம்பெனியில் யாருமே அவரிடமிருந்து கேட்டிராத வாக்கியம் அது. நான் ட்ரேயோடு முன்னால் வந்தேன். "ஒடச்சது நானுங்க" என்றேன். "ஒடையக் கூடாதுன்னு எடுத்து வெச்சதுல ஒடஞ்சு போச்சுங்க." அட்டைப்பெட்டி, ஏணி, மிஷின் ஊசி, செல்ஃபி எல்லாம் தலைகீழாக என் வாயிலிருந்து கொட்டியது. கவிதா பாவம், மூச்சு வாங்கி வாங்கி இங்கிலீஷில் சொன்னாள்.

பெரியவர் மறுபடியும் கப்பல் பக்கம் திரும்பினார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, விரலை நீட்டி அந்தக் கறுப்பு நூலைத் தொட்டார். அது விலகி, திரும்பி வந்து நேராக நின்றது. மறுபடியும் தொட்டார். இது என்ன நூல் என்று கேட்டார். அண்ணன் பையிலிருந்து ஒரு துண்டு லைக்ராவை எடுத்து இழுத்துக் காட்டினார். அவர் கட்டின நூல் ஒவ்வொரு மழைக்கும் தொய்ந்து போகுமாம். ரெண்டு பேரும் ஒரே கப்பலுக்கு மேல் குனிந்து, பாஷை தெரியாமல், ஒருத்தருக்கொருத்தர் நூலை இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கம்பத்தைச் சாய்த்து நட்டது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் ட்ரேயை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். என் கை ஆடியது. அவர் கையும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"உங்களுக்கும் அதே வியாதியான்னு கேக்கறாருங்க" என்றாள் கவிதா.

"இல்லீங்க. எனக்கு பயத்துல ஆடுதுங்க."

கவிதா அதைச் சொன்னதும் பெரியவர் சிரித்த சிரிப்பில் செக்கிங் ஹாலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பம் அப்படியே இருக்கட்டும், ஆடுகிற கை நட்டதுதானே என்று சொன்னாராம். போகும்போது லைக்ரா நூல் ஒரு கோன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி கதவை மூடிவிட்டுப் பேசினார். பேசினது இங்கே வேண்டாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். "நீங்க ரெண்டு பேரும் இனி அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல போகக்கூடாது. தூசி படிஞ்சாப் படியட்டும்." என் வேலை போகவில்லை. சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. இழுத்துப் பார்ப்பதும் நிற்கவில்லை.

இப்போது கம்பெனி ஒடிசாவில் ஒரு யூனிட் போட்டிருக்கிறது. செக்கிங் பழக்கிவிட ரிஜெக்ட் அண்ணனையும் அக்காவையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். "பாஸ் நஹீங்க, பாயி" என்று ஹிந்தியிலும் மரியாதையாகச் சொல்லி அங்கேயும் டெய்லர்களை விரட்டிக்கொண்டிருக்கிறாராம். நான் கட்டுகிற மாடலை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். அவர் வாய்ஸ் மெசேஜில் ஒவ்வொரு தப்பாகச் சொல்லி வருவார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கம் வழிந்தது, மூட்டில் கோடு தெரிகிறது, பெயிண்ட் கெட்டியாக விழுந்திருக்கிறது. நடுவில் குக்கர் சத்தம் கேட்கும், அக்கா ஏதோ திட்டுவார், சாப்ட்டீங்களா தம்பி என்பார், வயித்துவலி எப்படி இருக்குது என்பார், மறுபடியும் சக்கரத்துக்கு வருவார்.

போன மாதம் ஒரு ஜீப் எப்படியோ நன்றாக வந்துவிட்டது. அனுப்பினேன். "நல்லா இருக்குதுங்க தம்பி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. போனை ஆட்டிப் பார்த்தேன், வேறொன்றும் வரவில்லை.

இப்போதெல்லாம் போட்டோ எடுப்பதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு மூட்டில் கோடு தெரிய விட்டுவிடுகிறேன். ரெண்டு இடத்தில் விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பேசுகிறார்.